ஓமியும் 304உம்: வழிகாட்டி படித்து ஆட்டத்தில் தேறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சீட்டு ஆடத் தெரியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போயா லீவில் மழை பிடித்துக்கொண்டாலும், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பொடியன்கள் வந்து இறங்கினாலும், எழவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்க வேண்டி வந்தாலும் ஒரு கட்டு சீட்டு வெளியே வந்துவிடும். இப்போது எல்லார் கையிலும் போன் இருப்பதால், விஸ்ட், பிரிட்ஜ் என்ற வெளிநாட்டுச் சீட்டாட்டங்களின் வழிகாட்டிகளைத் தேடிப் படிக்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். படித்ததை மேசையில் போட்டுப் பார்த்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகள் இவை.

எந்த ஆட்டத்தைப் பற்றிய பக்கம் இது?

முக்கியமாக ஓமி, கொஞ்சம் 304. இரண்டும் பிடி எடுக்கிற ஆட்டங்கள்: ஆளுக்கொரு சீட்டு விழும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பிடி, பெரிய சீட்டு போட்டவருக்கு அது. இரண்டிலும் நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் சோடி. 7 முதல் ஏஸ் வரை உள்ள 32 சீட்டுதான் ஆட்டத்துக்கு, அதாவது ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட் என்று ஒரு இனத்துக்கு எட்டு.

ஓமியில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10, 9, 8, 7 என்ற வரிசை. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. பகிர்ந்தவரின் வலது கைப்பக்கம் இருப்பவர் தன் நாலைப் பார்த்துத் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தை, சொல்வார். அப்புறம் இன்னும் நாலு. துரும்பு சொன்னவரே முதல் சீட்டை இறக்குவார், ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் துரும்பால் வெட்டலாம் அல்லது எதையாவது கழிக்கலாம். எட்டுப் பிடியில் ஐந்து எடுத்தால் வெற்றி. துரும்பு சொன்ன சோடி வென்றால் ஒரு புள்ளி, மற்றச் சோடி வென்றால் இரண்டு, எட்டையும் அள்ளினால் கப்போத்தி, மூன்று. நாலுக்கு நாலு என்றால் யாருக்கும் இல்லை, அடுத்த ஆட்டத்தில் வெல்கிறவருக்கு ஒன்று கூடும். புள்ளி வைக்க, ஆட்டத்தில் சேராத 2 முதல் 6 வரையான சீட்டுகள் போதும்: சிவப்பு பத்து ஒரு பக்கம், கறுப்பு பத்து மறுபக்கம். உங்கள் தோட்டத்தில் ஓரிரு விதி வேறாக இருக்கலாம். அதனால் இங்கே சொல்லும் கணக்கு மாறாது.

304இல் வரிசையே வேறு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. பலமும் இதே வரிசையில்தான். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏற்றிக் கேட்கிற ஏலம்தான் கேள்வி. அதில் ஜெயித்தவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார்.

சின்ன வயசிலிருந்து ஆடுகிறேன். படித்து என்ன ஆகப்போகிறது?

பழக்கத்தால் வருகிற திறமை நிறைய. யார் கை நடுங்குகிறது, யார் ஏஸை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. ஆனால் பழக்கம் ஒரு பிழையையும் சேர்த்தே பழக்கிவிடும். தவறான சீட்டைப் போட்டும் பத்தில் ஆறு தடவை ஜெயிக்கலாம், அதனால் அது தவறு என்றே தெரியாது. வழிகாட்டியின் உபயோகம் அங்கேதான்: ஒரு சீட்டை ஏன் போட வேண்டும் என்ற காரணத்தை அது கேட்க வைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டியில் இருக்கிற விதியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓமி ஆட வராதீர்கள். அந்த விதிகள் 52 சீட்டுக்கு எழுதப்பட்டவை. காரணத்தை எடுத்துக்கொண்டு, கணக்கை 32க்குத் திரும்பப் போடுங்கள். கீழே வருகிற பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன.

விஸ்ட் வழிகாட்டி படிப்பதா, பிரிட்ஜ் வழிகாட்டி படிப்பதா?

ஓமிக்காரருக்கு விஸ்ட். சந்தேகமே வேண்டாம்.

பிரிட்ஜில் ஒரு சோடியில் ஒருவருடைய கையை முழுதாக மேசையில் விரித்து வைத்துவிடுவார்கள். பிரிட்ஜ் எழுத்தில் பெரும்பகுதி அந்த விரித்த கையைப் பார்த்துத் திட்டம் போடுவது பற்றியது. மீதியில் பெரும்பகுதி ஏலம் பற்றியது. ஓமியில் விரித்த கையும் இல்லை, ஏலமும் இல்லை. விஸ்டில் நாலு கையும் மறைவு, துரும்பு ஒன்று, சோடி எதிரே. ஓமிக்குப் பக்கத்து வீடு அதுதான். எட்மண்ட் ஹோயில் 1742இல் லண்டனில் விஸ்டுக்கு ஒரு சிறு வழிகாட்டி போட்டார். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஆட்டத்தைப் பற்றியே எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பழைய நூல்கள் காப்புரிமை முடிந்தவை என்பதால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இன்று ஆடுகிற பிரிட்ஜ் 1925இல்தான் ஹெரல்ட் வாண்டர்பில்ட் கையில் உருவானது.

304 ஆடுகிறவர் இரண்டையும் புரட்டலாம், கேள்வி கேட்பது அதில் இருப்பதால். ஆனால் 304க்கு ஜாக்கும் ஒன்பதும் மேலே இருக்கிற ஆட்டங்களின் வழிகாட்டிதான் நெருக்கம். இந்தியாவில் ஆடுகிற 28, 56 எல்லாம் அந்தக் குடும்பம்.

புத்தகத்தில் சொன்னபடி ஏஸ் போட்டேன், உடனே ராஜாவையும் போட்டேன். வெட்டிவிட்டார்கள். ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் கையில் ஆட்டின் ஏஸ், ராஜா, ஏழு இருக்கிறது என்று வையுங்கள். துரும்பு வேறு இனம். விஸ்டில் ஒரு இனத்துக்கு 13 சீட்டு, உங்களிடம் மூன்று, வெளியே பத்து. அந்தப் பத்தும் மூன்று பேர் கையில் பரவிக் கிடக்கும். முதல் சுற்றில் எதிராளி ஒருவருக்கு அந்த இனமே இல்லாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இரண்டாவது சுற்றில் யாராவது ஒரு எதிராளிக்குத் தீர்ந்திருக்கும் வாய்ப்பு 14 விழுக்காடு. ஆகவே புத்தகக்காரர் தைரியமாக ‘ஏஸ், ராஜா அடுத்தடுத்து’ என்கிறார். அவர் ஆட்டத்துக்கு அது சரி.

ஓமியில் அதே மூன்று சீட்டு உங்களிடம் இருந்தால் வெளியே ஐந்துதான். ஐந்து சீட்டை மூன்று பேருக்குப் பிரித்தால் யாருக்காவது குறையத்தான் செய்யும். முதல் சுற்றிலேயே ஒரு எதிராளி கையில் ஆட்டின் இல்லாமல் இருக்க 20 விழுக்காடு வாய்ப்பு. இரண்டாவது சுற்றில்? 78 விழுக்காடு. பதினாலு எங்கே, எழுபத்தெட்டு எங்கே. அந்த எதிராளி கையில் ஒரு துரும்பு மிச்சம் இருந்தால் உங்கள் ராஜாவின் கதை முடிந்தது.

உங்கள் ஆட்டத்தில் நடந்தது துரதிர்ஷ்டம் இல்லை. நடக்க வேண்டியதே நடந்திருக்கிறது.

ஏஸை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. ஏஸ் தனியாக, துணைக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால், முதல் சுற்றில் அது வெட்டுப்படக்கூடிய நிலை 7 விழுக்காடுதான். ஏஸோடு இன்னொன்று இருந்தால் 12. இன்னும் இரண்டு இருந்தால், மேலே பார்த்தபடி 20. கையில் அந்த இனம் கூடக்கூட ஏஸுக்கு ஆபத்தும் கூடுகிறது. நீண்ட இனத்து ஏஸை நம்பி, ஒற்றை ஏஸைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நிலைமை நேர்மாறு.

நாலு சீட்டை மட்டும் பார்த்துத் துரும்பு சொல்வது எப்படி?

ஓமியில் ‘நான் சொல்லவில்லை’ என்று ஒதுங்க முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும், தோற்றால் எதிராளிக்கு இரண்டு புள்ளி. அதனால் நல்ல துரும்பைத் தேடுவது ஒரு பாதி, இருப்பதில் குறைந்த மோசத்தைத் தேடுவது மறுபாதி.

கையில் ஸ்பேட் ஜாக், 9, 8, அப்புறம் கிளாவர் ஏஸ். பலர் கிளாவர் என்று சொல்லிவிடுவார்கள், ஏஸ் இருக்கிறதே என்று. ஸ்பேட் சொல்லுங்கள். கிளாவர் ஏஸ் துரும்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் சுற்றில் அநேகமாகப் பிடித்துவிடும். ஸ்பேட் எட்டும் ஒன்பதும் அப்படி இல்லை, துரும்பாக ஆனால் ஒழிய அவை ஒரு பிடியும் எடுக்காது. பெரிய சீட்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், சின்னதுக்கு வேலை போட்டுக் கொடுப்பதுதான் துரும்பு.

மூன்று இருக்கிற இனத்தைச் சொன்னால், அடுத்த நாலு சீட்டில் குறைந்தது ஒன்றாவது அதே இனத்தில் வர 57 விழுக்காடு வாய்ப்பு. சராசரியாகப் பார்த்தால் கையில் 3.7 துரும்பு. இரண்டு இருக்கிற இனத்தைச் சொன்னால் சராசரி 2.9. இந்த வித்தியாசத்துக்கு ஒரு ராஜாவைக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு–இரண்டு என்று வந்தால் மட்டும் பெரிய சீட்டைப் பாருங்கள்: ஏஸ்-7, ஜாக்-10 என்று இரண்டு சோடி இருந்தால் ஜாக்-10 இருக்கும் இனத்தைத் துரும்பாக்கி ஏஸை வெளியே விடுவேன். இதை ஒத்துக்கொள்ளாத நல்ல ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

நாலும் நாலு இனமாக வந்தால்? மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, ஏஸ் இல்லாத இனத்தில் பெரியதைச் சொல்லுங்கள்.

துரும்பு சொன்னபின் முதலில் எதை இறக்குவது?

வழிகாட்டிகளில் ‘முதல் இறக்கம்’ என்ற அத்தியாயம் நீளமாக இருக்கும். பிரிட்ஜ் வழிகாட்டியாக இருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். அங்கே முதல் சீட்டை இறக்குகிறவர் எதிர்ப்பக்கத்தவர், அவருக்குச் சொல்கிற புத்தி அது. ஓமியில் இறக்குவது துரும்பு சொன்னவர். ஆள் மாறினால் புத்தியும் மாறும்.

கையில் துரும்பு நாலோ அதற்கு மேலோ இருந்தால் துரும்பையே இறக்குங்கள், பெரியதிலிருந்து. உங்களிடம் நாலு என்றால் வெளியே நாலு. இரண்டே சுற்றில் இரண்டு எதிராளி கையிலும் துரும்பு தீர்ந்துபோக 82 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தீர்ந்த பிறகு ஏஸ்-ராஜா கேள்வியில் செத்துப்போன அந்த ராஜா உயிரோடு எழுந்து வருவார். சோடியின் துரும்பும் சேர்ந்து போகுமே என்று கேட்பீர்கள். போகும். ஆனால் சராசரியாக உங்கள் சோடியிடம் இருப்பது ஒன்று சொச்சம்தான், எதிராளிகளிடம் இரண்டே முக்கால் அளவு. வியாபாரம் நமக்கு லாபம்.

துரும்பு மூன்றுதான் என்றால் முதலில் வெளி ஏஸ்களை எடுத்துவிடுங்கள், குட்டையான இனத்து ஏஸ் முதலில். துரும்பை வெட்டுவதற்கு வையுங்கள்.

எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகமே நிற்பதில்லை. எண்ணுவதற்கு வழி உண்டா?

32ஐயும் எண்ணாதீர்கள். யாரும் எண்ணுவதில்லை. துரும்பை மட்டும் எண்ணுங்கள், அதுவும் விழுந்ததை எண்ணாமல் வெளியே மிச்சமிருப்பதை எண்ணுங்கள். கை வந்தவுடன் ‘எட்டில் என்னிடம் மூன்று, வெளியே ஐந்து’ என்று ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு துரும்பு விழும்போதும் அந்த ஐந்திலிருந்து ஒன்று கழியும். மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண்.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்று ஒரு கையில் பார்ப்போம். ஐந்து பிடி முடிந்தது. உங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு மூன்று. உங்கள் கையில் மிச்சம் மூன்று சீட்டு: ஸ்பேட் ஜாக், ஸ்பேட் 9, ஆட்டின் ராஜா. துரும்பு ஸ்பேட். இறக்க வேண்டியது நீங்கள். ஆட்டின் ஏஸ் முன்னமே போய்விட்டது, ஆகவே இப்போது ராஜாதான் அந்த இனத்தில் பெரியது. மூன்று பிடியும் வேண்டும், ஒன்று போனாலும் நாலுக்கு நாலு.

எண்ணாதவர் ராஜாவை இறக்குவார், ‘பெரிய சீட்டு, முதலில் எடுத்துவிடலாம்’ என்று. எண்ணியவருக்குத் தெரியும்: ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, 8, 7 விழுந்தாயிற்று. என்னிடம் இரண்டு. வெளியே ஒன்று, அது பத்து. ராஜாவை இறக்கினால் பத்து வைத்திருக்கும் எதிராளி கையில் ஆட்டின் இல்லாவிட்டால் வெட்டிவிடுவார். ஜாக்கை இறக்கினால் பத்து யார் கையில் இருந்தாலும் வந்து விழுந்தே ஆக வேண்டும். அப்புறம் ஒன்பதையும் ராஜாவையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடலாம், தடுக்க ஆளில்லை. ஐந்துக்கு மூன்று. அதே மூன்று சீட்டு, போட்ட வரிசை மட்டும் வேறு.

பழகுவதற்கு, தனியாக இருக்கும்போது 32 சீட்டையும் கலைத்து ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். ஒரு இனத்தை மட்டும் எண்ணி, பாதியில் நிறுத்தி, மீதியில் அந்த இனம் எத்தனை என்று சொல்லிவிட்டுச் சரிபாருங்கள். கொழும்பு – பதுளை ரயிலில் போகிறவர்களுக்கு இதற்கு நேரமோ நேரம்.

துரும்பு எண்ணிக்கை கைவந்தபின் உங்கள் நீண்ட இனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

‘இரண்டாம் கை சின்னது, மூன்றாம் கை பெரியது’ என்கிறார்களே, சரியா?

இரண்டாவதாகப் போடுகிறவர் சின்னதைப் போடட்டும், சோடி கடைசியில் பார்த்துக்கொள்வார், மூன்றாவது ஆள் பெரியதைப் போட்டுப் பிடிக்கட்டும் என்ற விஸ்ட் காலத்து விதி இது.

ஓமியில் முதல் பாதி அவ்வளவாகச் செல்லாது. 13 சுற்று இருக்கும் ஆட்டத்தில் ஏஸைப் பொத்தி வைக்கலாம், அதே இனம் மறுபடி வரும். ஓமியில் மறுபடி வரும்போது யாராவது வெட்டுவார்கள். இரண்டாம் கையில் ஏஸ் இருந்தால் போட்டுவிடுங்கள். ராஜா இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம்.

304இல் இரண்டாம் பாதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சோடி ஆட்டின் ராணியை இறக்குகிறார், எதிராளி பத்தைப் போடுகிறார், உங்கள் கையில் ஆட்டின் ஒன்பதும் ஏஸும். ஜாக் இன்னும் வரவில்லை, உங்களுக்குப் பின் ஒரு எதிராளி இருக்கிறார். பெரியதைப் போடு என்ற விதிப்படி ஒன்பதைப் போட்டால், பின்னால் ஜாக் இருந்தால் 20 போகிறது. ஏஸைப் போட்டாலும் பத்தை வெல்லும். ஜாக் இருந்தால் அதுவும் தோற்கும், ஆனால் போவது 11. இந்த நேரத்தில் இரண்டு சீட்டுக்கும் பலம் ஒன்றே, விலைதான் வேறு. மலிவானதைப் போடுங்கள். தொட்டுத் தொட்டு நிற்கும் சீட்டுகளில் கீழ்ச் சீட்டைப் போடு என்று விஸ்ட் நூல்களும் சொல்லும். அவர்களுக்கு அது சோடிக்குச் செய்தி சொல்ல, 304காரருக்கு அது ஒன்பது புள்ளிக் காசு.

ஜாக் ஏற்கனவே போய்விட்டதா? அப்படியானால் கதை தலைகீழ். ஒன்பதை இப்போதே போட்டு 20ஐ வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த சுற்றில் யாராவது வெட்டினால் பெரிய நஷ்டம் அதற்குத்தான்.

304இல் எவ்வளவு கேட்கலாம்?

160இல் தொடங்குவது வழக்கம். 304இல் பாதி 152, ஆக 160 என்பது பாதிக்குச் சற்று மேல். எட்டுப் பிடியில் சராசரிப் பிடி 38. நாலு நல்ல பிடியும் கொஞ்சம் சில்லறையும் வந்தால் 160 தேறும். நாலு சீட்டில் ஒரு ஜாக்கும், அதே இனத்தில் இன்னும் இரண்டும் இருந்தால் கேட்கலாம். ஜாக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் சேர்ந்தால் அந்த இனத்து 76இல் 50 உங்கள் கையிலேயே இருக்கிறது, யோசிக்கத் தேவையில்லை. ஒற்றை ஜாக்கை வைத்துக்கொண்டு வீம்புக்குக் கேள்வி ஏற்றுகிறவர்களைப் பற்றி எந்த வழிகாட்டியும் நல்லதாக எழுதவில்லை.

இன்னொன்று: துரும்பு கவிழ்ந்து கிடக்கும்வரை அது எந்த இனம் என்று உங்கள் சோடிக்கும் தெரியாது. வெளிப்படையான துரும்பை வைத்து எழுதிய வழிகாட்டியின் ‘சோடி துரும்பைத் திருப்பி இறக்கட்டும்’ போன்ற புத்திமதிகள் அதுவரை செல்லாது.

சோடிக்குச் சைகை காட்டலாமா?

சீட்டால் காட்டலாம், கண்ணாலும் இருமலாலும் காட்டக் கூடாது. இனம் இல்லாமல் முதல் தடவை கழிக்கிற சீட்டு, ‘இந்த இனத்தில் எனக்குப் பலமில்லை’ என்று சொல்வதாக விஸ்டில் ஒரு பழைய வழக்கம். ஓமிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, கழிக்கிற சந்தர்ப்பம் சீக்கிரம் வருவதால். ஆட உட்காருமுன் சோடியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ‘அதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜ் விதிகளில் சோடிக்குள் இரகசிய ஒப்பந்தத்துக்கு இடமில்லை, நம் மேசைக்கும் அது நல்ல வழக்கம்.

காதைச் சொறிந்தால் ஆட்டின், மூக்கைத் தொட்டால் டைமன் என்கிற வித்தையெல்லாம் எதிர்ப்பக்கத்துக்கும் எப்போதோ தெரியும்.

ஃபினெஸ் என்று எழுதுகிறார்களே, அது ஓமியில் பலிக்குமா?

ஏஸும் ராணியும் உங்களிடம் இருக்க, ராஜா உங்களுக்கு முன்னே ஆடுகிறவரிடம் இருக்கும் என்று நம்பி ராணியைப் போட்டுப் பிடிக்கப் பார்ப்பது. துரும்பு இனத்தில் செய்யலாம். மற்ற இனத்தில் வேண்டாம், ராணி தப்பினாலும் அடுத்த சுற்றில் ஏஸை வெட்டுவார்கள். காரணம் அதே 78 விழுக்காடு.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. எப்படிப் படிப்பது?

நீங்கள் நினைக்கிற அளவு ஆங்கிலம் தேவையில்லை. ட்ரிக் என்றால் பிடி, ட்ரம்ப் துரும்பு, லீட் முதல் இறக்கம், ரஃப் வெட்டு, டிஸ்கார்ட் கழிப்பது, சூட் இனம், வொய்ட் என்றால் அந்த இனம் கையில் இல்லை. இந்த ஏழோடு பாதி பக்கம் புரிந்துவிடும். மீதிக்கு, எழுதியிருக்கிற கையைச் சீட்டால் மேசையில் அடுக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம், அந்தப் பிள்ளைக்கும் ஆட்டம் பிடித்துவிடும் அபாயம் இருந்தாலும்.

ஒரு பக்கம் படித்தால் ஒரு வாரம் அதையே ஆடிப் பாருங்கள். பத்து விதியை ஒரே இரவில் படித்துவிட்டு உட்கார்ந்தால், இருந்த ஆட்டமும் போய்விடும்.

போனில் ஆடிப் பழகலாமா?

எண்ணிப் பழக நல்லது. வேகமாக நிறைய கை கிடைக்கும். ஆனால் போனில் வரும் சோடி நீங்கள் கழித்த சீட்டுக்கு அர்த்தம் பார்ப்பதாகத் தெரியவில்லை. சோடி ஆட்டத்தை மனிதரோடுதான் பழக வேண்டும்.

காசு வைத்து ஆடலாமா?

வேண்டாம். சட்டமும் இருக்கிறது, வீட்டில் சண்டையும் இருக்கிறது. தோற்ற சோடி பிளேன்டீ ஊற்றட்டும்.

என் சோடி மாமாதான். படித்ததைச் சொன்னால் ‘நேற்றுப் பிறந்தவன் எனக்குச் சொல்றியா?’ என்கிறார். என்ன செய்வது?

கை முடிந்தவுடன் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் யார் சொன்னாலும் யாருக்கும் ஏறாது. எதிராளியும் கேட்டுக்கொண்டிருப்பார். மேசை கலைந்தபின், அந்தக் கையை மறுபடி அடுக்கி, ‘மாமா, இந்த இடத்தில் நீங்களாயிருந்தா என்ன போடுவீங்க?’ என்று கேளுங்கள். விதியைச் சொல்ல வேண்டாம், சீட்டைக் காட்டுங்கள். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால் அவருக்கே தெரியும். பல நேரம் உங்களுக்கும் ஒன்று தெரியவரும்: அவர் ராஜாவைப் பிடித்து வைத்திருந்தது ஞாபகமறதியால் இல்லை, எதிரே இருந்தவர் எந்தக் காலத்திலும் ஒற்றைச் சீட்டைத்தான் முதலில் இறக்குவார் என்பது அவருக்கு முப்பது வருஷமாகத் தெரிந்ததால்.

அப்படிப்பட்ட தகவலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யார் துரும்பை உடனே இறக்குவார், யார் பொத்தி வைப்பார், யார் நாலு சீட்டில் ஏஸைக் கண்டவுடன் அதையே சொல்வார் என்று ஆளுக்கு ஒரு பக்கம். மாமாவிடம் கேட்டே எழுதலாம், அதற்கு மட்டும் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.